நீல நூலில் ஒரு பூ முடிச்சு

இந்த அறையில் இருக்கிற ஹீட்டர் நல்லது. பின்பக்கத் திருகு நான்கும் ஒழுங்காக முடுக்கியிருக்கிறது, வயர் எங்கேயும் மடங்கவில்லை. உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தேன். நாற்பது வருடம் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டிப் பிழைத்தவன் வேறு எதைப் பார்ப்பேன்?

கேட்டீர்கள், சொல்கிறேன். எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அடுத்தவன் எழுதின காகிதத்தை நம்பி நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

உதவி மையத்தில் எனக்கு இது பதினோராவது வருடம். வருடக் கடைசி விடுமுறை வந்தால் ஜனங்களுக்கு வீட்டை ஒழிக்கிற ஆசையும் வரும், தர்மம் செய்கிற ஆசையும் வரும். பழைய ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். அதைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கைப்பிடியில் நூல் கட்டுவோம். நூல் இல்லாத சாமான் வாசலைத் தாண்டக் கூடாது. ஆளுக்கு ஒரு நிறம், கட்டினவன் பொறுப்பு. என் நூல் பச்சை. பச்சை கட்டினது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் "பச்சை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. பச்சைநூல்காரர் என்றால் தெரியும். எனக்கு அது போதுமாயிருந்தது.

தையல்காரம்மாவும் அப்படித்தான் பழக்கம். ஒற்றை அறை, ஒரு தையல் மிஷின், சுற்றிலும் துணிக் குவியல், தனிக்கட்டை. "உங்க நூல் இருந்தாத்தான் அண்ணே எனக்குக் கண்ணசரும்" என்பாள். ஒரு வருடம் என் சட்டையில் பித்தான் அறுந்து தொங்கியதைப் பார்த்து, வரிசையில் நின்றபடியே ஊசி எடுத்துத் தைத்துவிட்டாள். என் மனைவி போன பிறகு என் சட்டைமேல் அக்கறைப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

இந்த வருடம் வாத்தியார் வந்து சேர்ந்தார். விஞ்ஞானப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நீல நூல். ஆள் சுத்த உபயோகமில்லாதவர் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் வேலை தெரிந்தவர். அதுதான் சங்கடம். நான் நூலை இரண்டு முடிச்சுப் போட்டு அறுத்துவிடுவேன். அவர் பூ வைத்துக் கட்டுவார், இரண்டு காது விட்டு, பரிசுப் பொட்டலம் மாதிரி.

"என்ன வாத்தியாரே, ஹீட்டருக்குச் சடை பின்னி விடுறீங்க?" என்றாள் தையல்காரம்மா.

"புது வீட்டுக்குப் போகுதில்லம்மா. தலையை வாரி அனுப்ப வேணாமா?"

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பாருங்கண்ணே, பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது இப்படிக் கட்டினீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பெரிய விஷயமில்லை. மறுவாரம் வாத்தியாரின் கோட்டில் ஒரு பித்தான் புதிதாக இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக நாலு தையல், அடியில் ஒரு சுற்று. அந்தத் தையலை நான் எங்கே கண்டாலும் சொல்வேன். வரிசையிலும் அதற்குள் "நீலம் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

நீங்கள் கேட்கிற அந்தச் சாம்பல் நிற ஹீட்டரை உதவாது என்று கழித்தவன் நான்தான். சூடு மிஞ்சினால் தானாக அணைக்கிற சுவிட்ச் உள்ளே தீய்ந்து ஒட்டிப்போயிருந்தது. பழைய இரும்பில் போட வேண்டியது. போடாமல் வீட்டுக்குக் கொண்டு போனேன். நீல நூல் கண்டு மையத்து மேஜைமேல் திறந்தேதான் கிடக்கும். பூ முடிச்சுப் பழக மூன்று நாள் பிடித்தது. விரல் மடங்குவதில்லை, வயசாயிற்று. மேஜைக் காலில் கட்டிக் கட்டிப் பார்த்தேன். கடைசியில் அவருடையதைவிட என்னுடையது நன்றாகவே வந்தது.

வர முடியாதவர்களுக்கு நாங்களே வண்டியில் கொண்டு போய்க் கொடுப்போம். அந்த வாரம் தையல்காரம்மாவுக்கு முழங்கால் வலி. அன்று காலை அவள் தெரு என் பங்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"வாங்கண்ணே. யாரு பார்த்தது இது?"

"வாத்தியார். பச்சையும் ஒண்ணு வண்டியில இருக்கு தங்கச்சி. எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் பூவைத் தடவிப் பார்த்தாள். "இதுவே இருக்கட்டும்ணே. பார்க்கவே நல்லா இருக்கு."

மிஷினுக்குப் பக்கத்தில், கால் சூடாகிற மாதிரி வைக்கச் சொன்னாள். வைத்தேன். துணிக் குவியல் ஒரு முழம் தள்ளி இருந்தது. மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுப்பாள், அது எனக்குத் தெரியும்.

"படுக்கும்போது நிறுத்தணுமாண்ணே?"

"வேணாம். சூடு மிஞ்சினா அதுவே நின்னுக்கும்."

மூன்று மணிக்கு எதிர்வீட்டுக்காரர் புகையைப் பார்த்தாராம். அதற்கு மேல் நடந்தது உங்கள் காகிதத்திலேயே இருக்கும். கைப்பிடியில் கருகாமல் மிச்சமிருந்த நீல நூலைப் பார்த்து வாத்தியாரை விசாரித்தீர்கள். அவர் என்ன செய்தார்? "அது நான் பார்த்ததில்லை" என்று சாதிக்க வேண்டியதுதானே? "எங்கேயோ என் கண்ணு தவறியிருக்கு, தப்பு என்னோடதுதான்" என்று அழுதார். இப்போது மையத்து ஆட்கள் முறை வைத்து அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மனசு என்கிறார்கள். என் கைவேலைக்கு அவருக்குப் பேர். அதனால்தான் நானாக நடந்து வந்தேன். முடிச்சை நன்றாகப் பாருங்கள், கடைசிச் சுற்று இடப்பக்கமாகச் சுற்றிப் போகும். நான் இடதுகைக்காரன்.

அவளைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். நான் அவளைக் கேட்டேன். இரண்டையும் சொல்லித்தான் கேட்டேன். பச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

வண்டியில் பச்சை கட்டின ஹீட்டர் நிஜமாகவே இருந்ததா என்கிறீர்கள்.

இல்லை. அவள்தான் கேட்கவில்லையே.