பச்சை முகம்

மண்முனைத் துறை ஓடத்தில் எனக்கு எதிரே நின்ற போடியார், ஊரின் பெரிய வயற்காரர், மனைவியின் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவர். அதை வரைந்த சித்திர வாத்தியாரை ஓடத்திலேயே கண்டுவிட்டார்.

"என்ர பொஞ்சாதிக்கு மூஞ்சி பச்சையா, வாத்தியார்?"

போடியார் படத்தைச் சுற்றியிருந்த சாக்கை உரித்துக் காட்டினார். இலைப்பச்சை முகம். பின்னால் சுவர் அவள்மேல் சரிந்துகொண்டிருந்தது.

"பயத்துக்கு நான் கண்ட நிறம் அது," என்றார் வாத்தியார்.

"என்ர கல்வீட்டுச் சுவர் எங்க சாயுது?"

"சுவர் நேராத்தான் நிக்கிது. அவவுக்கு அப்பிடித் தெரியிது. மூணு நாள் எனக்கு முன்னால இருந்தா. நீங்க உள்ளுக்குச் சத்தம் போடுற நேரமெல்லாம் பின்சுவரத் திரும்பித் திரும்பிப் பாத்தா."

"அப்ப, என்னை ஊருக்குக் காட்டிக் குடுக்கிறீரோ?"

"உங்கள நான் கீறல்லையே."

போடியார் படத்தை வாவிக்கு மேலே தூக்கினார்.

"எறியுங்க," என்றார் வாத்தியார். "அவ இதப் பாத்தவவா?"

"பாத்தவ."

"என்ன சொன்னா?"

"இருவது வருசமா எனக்கு எதிர்ச்சொல் சொல்லாதவ. 'இது நான்தான், கொண்டுபோகாதீங்க' எண்டு வாசல்ல நிண்டு கத்தினா."

அதையும் அவர் கோபமாகவேதான் சொன்னார். படத்தை மட்டும் எறியவில்லை.