பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் இல்லை

என் பெயர் பிரென்ட் சோப்சாக். வயது இருபத்தொன்பது. தந்தை பெயர் லியோனார்ட் சோப்சாக். விஸ்கான்சின் மாநிலம், ஹின்ஸ் கிரான்பெரிப் பண்ணையின் வேலையாள் குடியிருப்பில் இரண்டாம் எண் வீட்டில் வசிக்கிறேன். அந்த வீடு என்னுடையது அல்ல. வேலை போனால் வீடும் போகும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, மாவட்டக் காவல்துறையின் துணை ஷெரிப் ரெனாட்டா ஃபால்க் எழுதுகிறார்.

பண்ணை முதலாளி டெல்மர் ஹின்ஸ், கிரான்பெரி என்னும் புளிப்புக் கொடிப்பழ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கும் தலைவர். சங்கத்தின் பழச்சாறு பாட்டிலில் ‘விளைவிப்பவர்களுக்கே சொந்தம்’ என்று அச்சடித்திருக்கும். விளைவிப்பவர் என்றால் நிலம் வைத்திருப்பவர். என் அப்பா நிலத்தை டெல்மருக்கு விற்கும்வரை எங்கள் வீட்டுக்கும் சங்கத்தில் ஓர் ஓட்டு இருந்தது. அறுவடைக்குப் பாத்தியில் தண்ணீர் கட்டியதும், இடுப்பளவு தண்ணீரில் நின்று மிதக்கும் பழத்தை ஒதுக்குகிறவனுக்கு ஓட்டு கிடையாது. இது விசாரணைக்குத் தேவையில்லை என்று துணை ஷெரிப் சொன்னார். எழுதச் சொன்னேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நானும் டிரக் ஓட்டுநர் நிக்கனோர் பரேடெஸும் ஒன்பதாம் பாத்தியில் மணல் தூவப் போனோம். குளிர்காலத்தில் கொடிகளின்மேல் தண்ணீர் கட்டி உறையவிட்டு, அந்தப் பனிக்கட்டியின்மேல் டிரக்கை ஓட்டி மணல் தூவுவோம். உருகும்போது மணல் கொடிகளில் இறங்கும், கொடி புது வேர் விடும். அடியில் தண்ணீர் நின்றாலோ தரைவரை உறைந்திருந்தாலோதான் பனிக்கட்டி டிரக்கைத் தாங்கும். பக்கத்துப் பண்ணைக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் மதகுப் பலகையை எடுத்துப் பாத்தித் தண்ணீரை அங்கே இறக்கிவிடுவது இங்கே வழக்கம். அப்படி எடுத்தவர் மதகுக் கம்பத்து ஆணியில் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போகவேண்டும். துணி தெரிந்தால் யாரும் டிரக்கை இறக்கமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அந்த ஆணியில் துணி இல்லை. நிக்கனோர் தன் சாப்பாட்டுப் பையை அதே ஆணியில்தான் மாட்டினார். மதகின் வாயைப் பனி மூடியிருந்ததால் உள்ளே பலகை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அதன் பிறகு நான் பனிக்கட்டியில் துளை போட்டேன். பதினான்கு அங்குலம் இருந்தது. துளையில் தண்ணீர் ஏறி வரவில்லை. நிக்கனோர் குனிந்து அதன்மேல் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “சின்ன முதலாளி, காத்துதான் வருது. கீழ எவனோ படுத்து மூச்சு விடுறான்” என்றார். என் அப்பாவின் பழைய நிலத்தை வைத்து அவர் என்னை அப்படித்தான் கிண்டல் செய்வார். நான் சிரித்தேன். அதன் பிறகு சிரிக்கவில்லை. தண்ணீர் வராத துளைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தரைவரை கெட்டியாக உறைந்திருக்கலாம், அதைவிடப் பத்திரமான பனிக்கட்டி கிடையாது. அல்லது தண்ணீர் இறங்கிப்போய்ப் பனிக்கட்டி அந்தரத்தில் நிற்கலாம். தரைவரை உறைந்திருந்தால் துளைக் கம்பியின் நுனியில் மண்ணோ கொடியோ ஒட்டியிருக்கும். ஒட்டவில்லை.

நான் டெல்மர் ஹின்ஸுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவர், “டேய், தண்ணி வரலேன்னா அடிவரைக்கும் உறைஞ்சிருக்குன்னு அர்த்தம். உங்கப்பன் உனக்கு இதைக்கூடச் சொல்லித் தரலையா? வாரக் கடைசியில வெயில் ஏறுது, இறக்குங்க” என்றார். கம்பியில் மண் ஒட்டவில்லை என்று நான் சொல்லும்போது இணைப்பு இல்லை. அதன் பிறகு நான் நிக்கனோரிடம், “போகலாமாம் அண்ணே” என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்.

நிக்கனோர் டிரக்கைக் கரையிலிருந்து இறக்கினார். பாத்தியின் ஓரத்தில் ஆள் நெஞ்சளவு வாய்க்கால் உண்டு. பாத்தி வடிந்தாலும் அதில் தண்ணீர் தங்கும். முன்சக்கரம் வாய்க்காலைக் கடக்கும்போது பனிக்கட்டி விரிசல் விடவில்லை, முனகவும் இல்லை. ஒரே பலகையாக உள்ளே விழுந்தது. டிரக், ஓட்டுநர் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, பின்னாலிருந்த மணல் முழுவதும் அவர் இருந்த முன்பகுதியை அழுத்தியது. நான் கரையிலிருந்து ஓடிப்போய், பின்கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்கினேன். அவருடைய தலைமுடி கையில் சிக்கியது. முகம் தண்ணீருக்குள் இருந்தது. இழுத்து வெளியே போட்டேன், நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தது. இப்போது அவர் மருத்துவமனையில் குழாய் வழியாக மூச்சு விடுகிறார். கண் திறக்கவில்லை. அதனால்தான் என்னை விசாரிக்கிறீர்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவருடைய சாப்பாட்டுப் பையை எடுக்க மதகுக்குப் போனேன். பை தரையில் கிடந்தது. ஆணியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கடையில் மடித்த மடிப்பு அதில் அப்படியே இருந்தது. கம்பம் முழுக்க வெண்பனி படிந்திருக்க, துணியில் ஒரு பொட்டுப் பனிகூட இல்லை. அதன் பிறகு கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கிப் பார்த்தேன். மதகுப் பலகைகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. அவை ஒன்றோடொன்று உறைந்து ஒட்டியிருந்தன. காலால் உதைத்தும் பிரியவில்லை. கீழே டெல்மரின் மருமகன் வேட் லின்ட்னரின் பாத்தியில் புதுப் பனிக்கட்டி கண்ணாடிபோல் மின்னியது.

மறுநாள் சங்கத்தின் மேலாளர் கார்லா தீட் மருத்துவமனைக்கு வந்தார். நிக்கனோரின் மனைவி மரிசெலாவிடம் ஒரு பெட்டி பழச்சாறு கொடுத்தார். அதன் பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், துணி காலையிலேயே இருந்ததாகவும் நிக்கனோர் அதை மதிக்காமல் இறங்கியதாகவும் எழுதிய தாளை நீட்டினார். “தம்பி, இது டெல்மர் ஒருத்தர் விஷயமில்ல. எழுநூறு குடும்பம். பேர் கெட்டா எல்லார் பாட்டிலும் கடையில தூசி அடையும்” என்றார். “எழுநூத்துல நிக்கனோர் குடும்பம் எத்தனாவது?” என்று கேட்டேன். அவர் தாளை மடித்து என் சட்டைப் பையில் சொருகினார். நான் கையெழுத்துப் போடவில்லை.

நிலம் போன ஆத்திரத்தில் சொல்கிறேனா என்று துணை ஷெரிப் கேட்டார். ஆத்திரம் உண்டு. துணியில் பனி இல்லாதது ஆத்திரத்தால் அல்ல.

இன்று வெள்ளிக்கிழமை. இங்கே வரும் வழியில் பதினோராம் பாத்தியைப் பார்த்தேன். கரையோரத்தில் பனிக்கட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே என் கை முழங்கைவரை நுழைந்தது, தண்ணீர் படவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே டிரக்கை இறக்கப்போகிறார்கள். ஓட்டப்போவது மரிசெலாவின் தம்பி எலியாஸ். போகாதே என்றேன். “நான் இறங்கலேன்னா அக்காவையும் புள்ளைங்களையும் குடியிருப்பைவிட்டு அனுப்புவாங்க. நீ பேசிட்டுப் போயிடுவ. நாங்க எங்க போறது?” என்றான். உடனே ஒரு வண்டி அனுப்புங்கள் என்று துணை ஷெரிப்பிடம் கேட்டேன். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து, நான் படித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷெரிப்பிடம் கொண்டுபோக முடியும் என்றார். ஷெரிப் சங்கத்தின் ஆண்டு விருந்துக்குப் போயிருக்கிறார்.

தட்டச்சு செய்ததைப் படித்தேன். இதில் உள்ளதெல்லாம் நான் கண்டது, கேட்டது, செய்தது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. மிரட்டியவர்கள் வேறு மாதிரி சொல்லச் சொன்னார்கள். இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பண்ணையில் மதியச் சாப்பாடு அரை மணி நேரம்தான்.

(ஒப்பம்) பிரென்ட் சோப்சாக்

என் முன்னிலையில்: ரெனாட்டா ஃபால்க், துணை ஷெரிப்