அருவியில் தலையைக் காட்டினால் சரியாகும்

குற்றாலம் மெயினருவியில் பெண்கள் வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, மகளைக் காட்டிப் பக்கத்து அக்காவிடம் சொன்னாள்.

“பி.எஸ்சி. சைக்காலஜி. மூளையைப் பத்திப் படிக்கா. சேந்ததுலேருந்து ஒரு மாதிரியா இருக்கா. சித்தம் கலங்குனவுகளுக்கே இந்தத் தண்ணியில சரியாவுதாம்லா, அதான் கூட்டியாந்தேன்.”

“என்ன பண்ணுதா?”

“திட்டுனா திருப்பித் திட்ட மாட்டேங்கா. ‘உனக்கு என்னம்மா வருத்தம்’னு கேக்கா.”

மகள் மெதுவாகக் கேட்டாள்: “என்னைப் பாத்தா பயமா இருக்காம்மா?”

“பாத்தியளா, ஆரம்பிச்சிட்டா!”

வரிசை நகர்ந்தது. அக்கா நகரவில்லை.

“நீங்க முன்னால போங்க மதினி. ஏட்டி, நீ இங்கன நில்லு. எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு. ஏன்னு ஒருத்தரும் கேக்கல.”

அருவியில் வெகுநேரம் தலையைக் காட்டிக்கொண்டு நின்றது அம்மா மட்டும்தான்.