இனித்துப்போன சாமி கறி

போத்தலில் அடைத்த எதையும் நான் தேதி பார்க்காமல் வாங்குகிறவள் இல்லை, தலைவரே. கோயில் கமிட்டி என்னைக் கூப்பிடவும் இல்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். நான் எவ்வளவு கவனமானவள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தேதியைப் பற்றி முதலில் சொன்னேன்.

போன வருடம் பண்டாரவளைக் கடையில் பார்பிக்யூ சாஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது. இனிப்பும் காரமும் சேர்ந்தது என்று போட்டிருந்தது. கோழிக்காலைப் பொரித்து அதன் மேல் ஊற்றினேன். வெல்லப்பாகு மாதிரி இருக்கும் கித்துள் பாணியில் காரக் கொச்சிக்காயைப் போட்டுக் கிண்டி, அடுப்புப் புகை காட்டியது போல ஒரு ருசி. எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் ரமணன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"என்ன இருந்தாலும் அண்ணி கை ருசி போத்தல்ல வருமா?" என்றார்.

அண்ணி என்றால் அவருடைய அண்ணன் சம்சாரம், விஜயலெட்சுமி அக்கா. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா. எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் கிடையாது. பதினாறு வருடமாக அவள் குழம்பு வாசம் சுவர் தாண்டி என் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையில் கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுக்கிறோம். கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவர்கள் காயமில்லாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதற்கான படையல் அது. கறி ஆக்குவது அக்கா. சாமிக்குப் படைக்கும்வரை உப்பு பார்க்கக்கூட ஒருவரும் நாக்கில் வைக்கக் கூடாது. ஆக்குகிறவள் வாயைத் துணியால் கட்டிக்கொள்வாள். அந்த வழக்கம் இல்லையென்றால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது. ஆகவே வழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு.

"நிரஞ்சலா, அடுப்பக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா வாழையிலை அறுக்கப் போனாள். பார்த்துக்கொண்டேன். முந்தானைக்குள் இருந்த சாஸ் போத்தலைக் கறியில் முழுதாகக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டியிருந்ததையும் சுடுதண்ணீர் விட்டு அலசி ஊற்றினேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

பூசை வைத்த தம்பையா கங்காணிதான் முதல் வாய் வைத்தார். மென்றவர் நிறுத்தினார்.

"என்னா புள்ள இது? சாமி கறி இனிக்குதே!"

பெரியவர்கள் இலையை மூடினார்கள். இளவட்டங்கள் ஓரமாகப் போய் விரலை நக்கியதை நான் மட்டும் பார்த்தேன். சாமி ஏற்கவில்லை, ஆக்கியவள் தீட்டை மறைத்து வந்திருக்கிறாள் என்று கங்காணி தீர்ப்புச் சொன்னார்.

"ஐயோ, மாரியாத்தா மேல சத்தியமா இல்லீங்க" என்று அக்கா அழுதாள். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். காற்றில் அது அணைந்துவிடாமல் கை வைத்து மறைத்தவள் நான். அவள் சத்தியம் செய்ததும் சிலருக்கு மனம் இளகியது. கூட இருந்தவள் என்று என்னையும் கேட்டார்கள்.

"காலையிலருந்தே ஒரு மாதிரி சோர்வாத்தான் இருந்தாங்க" என்றேன்.

பொய்யில்லை. அவ்வளவு மசாலாவையும் அம்மியில் அரைத்தவள் சோர்வாகத்தானே இருப்பாள்.

மூன்றாம் நாள் மழையில் வழுக்கி, இளவட்டங்களில் ஒருவனான கிருஷ்ணராஜின் காலில் கவ்வாத்துக் கத்தி இறங்கியது. எட்டுத் தையல். மழையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு அக்கா கையால் அவள் புருஷன்கூடத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. தை பிறக்கும் முன்பே கொழும்பில் யார் வீட்டுக்கோ சமையல் வேலைக்குப் போய்விட்டாள். பதுளை ஸ்டேஷன் வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.

இந்த வருடம் படையல் கறி என் பொறுப்பு. போத்தல் கீத்தல் எதுவும் இல்லாமல் முறைப்படி ஆக்கினேன். இளவட்டங்கள் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"என்னதான் சொல்லுங்க, போன வருசம் விஜயலெட்சுமி அக்கா வச்ச அந்த இனிப்புக் கறி மாதிரி வராதுங்க" என்றான் கிருஷ்ணராஜ். வெட்டுப்பட்டவனே அப்படிச் சொல்கிறான். ரமணனும் தலையாட்டினார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, திரும்ப அழைத்து வந்து ஆக்கச் சொல்லவேண்டும் என்று இப்போது லயம் முழுக்கப் பேச்சு.

அவள் தலையில் பழி இருந்தவரை நான் ஒரு வருடம் பொறுமையாக இருந்தேன், தலைவரே. ஆனால் ஒரு அநியாயத்தை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? கமிட்டிப் புத்தகத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கறி விஜயலெட்சுமி அக்காவுடையது இல்லை. அது என் கை ருசி.