எங்கள் பின்வாசல் மேப்பில் ஏறியது பற்றி

என் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தெட்டு. தொழில் தையல். தங்கும் விடுதிகளுக்குத் தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுக்கிறேன். மேட்டுச் சந்தின் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். என் கணவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை இறந்துவிட்டார். அன்று எங்கள் சந்தில் காரை நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல், அவர் சாவுக்குக் காரணமாக இருந்ததாக ஓர் இளைஞர் மீது என் தம்பி புகார் கொடுத்திருக்கிறான். அந்தக் காரின் கண்ணாடியை உடைத்துத் தன் கையில் காயம் உண்டாக்கியதாக என் மீது அந்த இளைஞர் புகார் கொடுத்திருக்கிறார். இரண்டு புகார்கள் பற்றியும் திங்கட்கிழமை ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அன்று எனக்குத் தெரியாத ஒன்று நேற்றுத் தெரிந்ததால், யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். காற்று வரட்டும் என்று அவர் கட்டிலைப் பின்னறை ஜன்னலோரம் போட்டது நான்தான். அந்த ஜன்னலுக்கு வெளியே எங்கள் பின்வாசல், அதைத் தாண்டிச் சரிவு, சரிவுக்குக் கீழே ஏரி. சூரியன் அந்த ஏரிக்குள் இறங்குவது போல் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் அந்தப் பக்கம் போவேன். பொழுது போகட்டும் என்று என் தம்பி அவருக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தான். வலது கை மட்டும் வேலை செய்ததால் அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருப்பார். என்னிடம் இருப்பது பட்டன் போன். அதில் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் மாலை, முதுகில் பையோடு ஒரு பையனும் பெண்ணும் என் பின்வாசலில் நின்றிருந்தார்கள். மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து, "மீட்டர் முன்னாடி இருக்கு" என்றேன். அந்தப் பெண், "டிக்கெட் எங்க வாங்கணும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். "எதுக்கு டிக்கெட்? என் துணி காயுறத பாக்கவா?" என்று சொல்லி விரட்டினேன். உள்ளே என் கணவர் இருமுவது போல் சத்தம் கேட்டது, ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிட்டேன். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு பேர் என்பது நாளுக்கு இரண்டு பேர் என்றாகி, விடுமுறை நாட்களில் கூட்டமே வரத் தொடங்கியது.

வந்தவர்களில் ஒரு பெண், பள்ளிக்கூட ஆசிரியை என்று சொன்னாள், எனக்குப் பொறுமையாக விளக்கினாள். ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது யாரிடமும் வழி கேட்பதில்லையாம். போனில் உள்ள மேப்பில் பார்க்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, பட்டியல் போட்டு, கூட வருபவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்களாம். கண்டிப்பாகப் போக வேண்டியதற்கு இதயப் படம், நேரம் இருந்தால் போகலாம் என்பதற்குப் பச்சைக் குறி. எதற்குப் பின் எது என்று அதுவே கோடு போட்டுக் காட்டும். அவள் போனில் காலையில் ஒரு கோட்டை, மதியம் சாப்பிட ஒரு கடை, அதன் பிறகு 'சூரியன் இறங்கும் மேடு' என்று ஓர் இதயம் இருந்தது. அதைத் தொட்டதும் படங்கள் வந்தன. ஒரு படத்தில் நான் காயப்போட்ட துணியை அடையாளம் கண்டேன். அவள் சொல்லிக்கொடுத்தபடி என் தம்பி தன் போனிலிருந்து, 'இப்படி ஓர் இடம் இல்லை' என்று அழுத்தி அனுப்பினான். ஏற்க முடியாது, இருப்பதாக நிறையப் பேர் உறுதி செய்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. என் வீட்டுப் பின்வாசல் இருக்கிறதா இல்லையா என்று ஊர் பேர் தெரியாதவர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு, இது தனியார் வீடு, உள்ளே நோயாளி இருக்கிறார் என்று தம்பி பலகை எழுதி மாட்டினான். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அக்கா, நீ திட்டுறதப் பத்தித் தனியாவே எழுதியிருக்காங்க. வியூ சூப்பர், ஆன்ட்டி டேஞ்சராம்" என்று தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தின் பாதி வழியில் ஓரமாக இரும்புக் கம்பி நட்டு, எதிர்ச் சுவர் வரை சங்கிலி போட்டேன். என் கணவர், "சங்கிலிய எடு. எவனாவது தடுக்கி விழுந்தா கேஸ் உன் மேலதான் வரும்" என்றார். எடுத்துவிட்டேன், கம்பி மட்டும் நின்றது. ஒரு நாள் ஒருவன் ஜன்னல் வழியாக உள்ளே போனை நீட்டிப் படம் எடுத்தான். அன்றே தடித்த துணியில் திரை தைத்து மாட்டினேன். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, வலது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் வேண்டும் போலிருக்கிறது என்று திரையைக் கழற்றினேன்.

அதன் பிறகு இதே காவல் நிலையத்தில், என் வீட்டை மேப்பில் போட்டது யார் என்று கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று மனு கொடுத்தேன். அன்று பணியில் இருந்த எழுத்தர், "மேப்புல வந்தா நல்லதுதானேம்மா, ஒரு டீக்கடை போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ரசீது கொடுத்தார். அந்த மனுவை முதல் நாளே வீட்டில் என் கணவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நான் முன்னறையில் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பின்வாசலில் கூட்டம் இருந்தது, சந்தில் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் சந்தில் ஒரு கார் ஏறினால் இன்னொன்று இறங்க முடியாது. என் கணவர் என்னைக் கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் வியர்த்து மூச்சுக்குத் தவித்தார். தம்பிக்குப் போன் செய்தேன், அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டுக் கீழ்த்தெருவிலிருந்து ஓடி வந்தான். ஆம்புலன்ஸ் சந்து முனையோடு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊழியர்கள் இரண்டு பேர் மடக்கிய ஸ்ட்ரெச்சரோடு நடந்தே மேலே வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில், வரிசையின் கடைசியாக, மற்றவை போல் ஓரம் கட்டாமல் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நான் திரும்ப மேலே ஓடி, யார் கார் என்று கத்தினேன். சரிவின் ஓரத்தில் ஓர் இளைஞர் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். தோளைத் தொட்டதற்குத் திரும்பாமலே, "ரெண்டே நிமிஷம் ஆன்ட்டி, இதோ இறங்கிடும்" என்றார். சூரியனைத்தான் சொன்னார். ஸ்ட்ரெச்சர் முன்பக்கமாகப் போனதால் அவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. சட்டையைப் பிடித்து இழுத்ததும் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

அதன் பிறகு நடந்ததைத் திங்கட்கிழமை நான் முழுதாகச் சொல்லவில்லை. அவர் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். எடுக்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கி முன்கண்ணாடியில் அடித்தேன். கண்ணாடி அவர் கையில் சிதறி இரத்தம் வந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து என் கணவர் வலது கையைத் தூக்கி, "வேணாம்" என்றார். இளைஞர் இரத்தம் சொட்டச் சொட்டக் காரைப் பின்னோக்கி இறக்கினார். என் அடியால் தாமதமான நேரமும் உண்டு. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே என் கணவரின் மூச்சு நின்றுவிட்டது. ஊழியர், "கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருந்தா" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் கணவரின் போன் அவர் தலைமாட்டிலேயே கிடந்தது. தொட எனக்கு மனம் வரவில்லை. நேற்றுப் பகல் அது விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்ததால், என்ன என்று பார்க்கும்படி தம்பியிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, கம்பெனி மெசேஜ்" என்றான். கம்பெனி மெசேஜுக்கு யாருக்கும் முகம் அப்படி வெளிறாது. படிக்கச் சொன்னேன். படித்தான்.

மேப்பில் அந்த இடத்தை உண்டாக்கியது என் கணவர். பெயர் வைத்தது அவர். முதல் படம் போட்டது அவர், கட்டிலில் படுத்தபடியே எடுத்த படம், ஓரத்தில் ஜன்னல் கம்பி தெரிகிறது. வருகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர்தான் பதில் எழுதியிருக்கிறார். கட்டணம் உண்டா என்றதற்கு, கிடையாது. வழி எப்படி என்றதற்கு, கடைசி வளைவில் ஹாரன் அடித்து ஏறவும். அங்கே ஓர் அம்மா திட்டுகிறாரே என்று ஒருவர் கேட்டதற்கு, "வாய்தான் அப்படி. பயப்படாமல் தண்ணீர் கேளுங்கள், கொடுப்பாள்" என்று எழுதியிருக்கிறார். நான் திட்டி முடித்த பிறகு தண்ணீர் கேட்டவர்கள் பலர். கொடுத்திருக்கிறேன். சொல்லிவைத்துக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சென்ற ஞாயிறு மதியம் ஒருவர், இன்று திறந்திருக்குமா, கார் நிறுத்த இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். "எப்போதும் திறந்திருக்கும். சந்திலேயே நிறுத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாருங்கள்" என்று என் கணவர் பதில் எழுதியிருக்கிறார். கேட்டவரின் படம் பக்கத்தில் இருந்தது. அது அந்த வெள்ளைக் கார் இளைஞரின் முகம்.

தம்பி, "இத அழிச்சுடறேன்க்கா. வெளிய தெரிஞ்சா நம்ம கேஸ் நிக்காது, உன் மேல இருக்கறது மட்டும்தான் நிக்கும். மாமா போயும் நம்மள மாட்டிவிட்டுட்டாரு" என்றான். நான் போனைப் பிடுங்கித் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். "அந்தப் பையன் உள்ள போனா உனக்கென்ன?" என்று கேட்டான். "வாங்கன்னு கூப்பிட்ட வீட்டுக்குத்தான்டா அவன் வந்திருக்கான்" என்றேன். தம்பி என் மேல் உள்ள பாசத்தில் பேசினான். அதற்காக அவன் மீது எதுவும் எழுத வேண்டாம்.

இதையும் எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரைக் கேட்டேன். எனக்கு என் கணவர் மேல் கோபம் இருக்கிறது. இரண்டு வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தேன். அவருக்கு அமைதி வேண்டும் என்று வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். நான் முன்னறையிலிருந்து விரட்ட விரட்ட, அவர் பின்னறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வேலை பார்த்த காலமெல்லாம் வண்டி நிறைய ஆட்களோடு இருந்த மனிதர். நாலு பேர் முகம் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். நான் ஒருத்தி போதும் என்று நினைத்திருந்தேன், அதுதான் வலிக்கிறது.

போனை இப்போது ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த இடத்தை மேப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்று ஆய்வாளர் கேட்டார். காரியம் முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். கார் நிறுத்திய இளைஞர் மீது தவறு இல்லை, அவருக்கு எதிராக நான் சாட்சி சொல்ல மாட்டேன். கண்ணாடியை உடைத்ததும் அவர் கையில் காயம் உண்டாக்கியதும் நான்தான், அதற்கு உண்டான தண்டனையை ஏற்கிறேன். என் வீட்டை மேப்பில் போட்டவரைக் கண்டுபிடிக்கச் சொல்லி நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வீடு என் கணவர் பெயரில் உள்ளது. ஆகையால் அந்த மனுவில் 'உரிமையாளரின் சம்மதம் இல்லாமல்' என்று நான் எழுதியிருப்பது பொய்யாகிறது. அந்த வரியை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவை யாவும் என் வாயால் சொல்லி எழுதப்பட்டு, எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டன. கூட்டியும் குறைத்தும் எதுவும் எழுதப்படவில்லை. யாருடைய தூண்டுதலும் இன்றி, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
காவல் ஆய்வாளர்