கேட்காமல் போட்ட பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் உணவக உரிமையாளர் சங்கத் தலைவர் தங்கராஜ் அவர்களே, ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்திருக்கும் தொழிற்சாலைத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கும் என் ஓட்டல் பிள்ளைகளே, முன்வரிசையில் இருக்கும், கோதண்டத்தின் துணைவியார் சகோதரி சரசா அவர்களே, எல்லோருக்கும் இந்த வேம்புலியின் வணக்கம்.

எங்கள் ஓட்டலின் மேலாளர், இந்த ஆவடிக்கே மாதக் கடைசி விருந்தைப் பழக்கியவர், பண்பாளர் கோதண்டம் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் பெருமையைப் பேசத்தான் முதலாளி என்ற முறையில் என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் தலை நிமிர்ந்து பேச முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே மண்டபத்தின் வாசலில் என் மானம் போய்விட்டது.

கடைக்குக் கூட்டம் சேர்க்க நான் ஆடாத கூத்து உண்டா? பரோட்டா தின்னும் போட்டி வைத்தேன். கிரிக்கெட்டுக்குத் திரை கட்டினேன். காதலர் தினத்துக்கு இதய வடிவில் தோசை வார்க்கச் சொன்னேன். தோசை மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டார். அன்றைக்குக் கூட்டம் வரும். மறுநாள் பழையபடி ஈ ஓட்டுவோம்.

அப்போதுதான் கோதண்டம் சொன்னார். "மொதலாளி, மாசக் கடசில யார் கைலயும் துட்டு இல்ல, நம்ம கடை காலியா கீது. ஆனா ஃபேக்டரில ரிட்டையர் ஆவுறவங்க அன்னிக்குத்தானே ஆவுறாங்க? மாலையும் கழுத்துமா ஊட்டுக்குப் போறவர நம்ம கடைக்கு இட்டாந்து ஒரு விருந்து வெச்சா இன்னா?"

என்ன யோசனை அது! இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்? ஒருவருக்காவது தோன்றியதா? கோதண்டத்துக்குத் தோன்றியது. வாசலில் ஒரு பலகை, அதில் ஓய்வு பெறுகிறவரின் பெயரும் படமும். உள்ளே குடும்பம், நண்பர்கள், சாப்பாடு. அந்த மாதமே எங்கள் மாடி நிறைந்தது. பிறகு அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அதையே செய்தார்கள். தலைவர் சிரிக்கிறார், அவர் கடையிலும் நடக்கிறது.

எல்லோரும் விருந்தைக் காப்பியடித்தார்கள். அவருடைய ஒரு வழக்கத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பலகை எழுதுவதற்கு முன்னால் அவர் அந்த வீட்டுக்குப் போவார். பெயர் போடலாமா என்று கேட்பார். வீட்டம்மாவையும் கேட்பார். தசரதன் என்று ஒரு வெல்டர். ஓய்வு பெறுகிற நேரத்தில் மனைவியை இழந்திருந்தார். "சோறு போடு கோதண்டம், பேரு மட்டும் வேணாம்பா" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வாசலில் பலகையே இல்லை. ஓரத்து மேசையில் தசரதனும் அவர் மகளும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வருகிற கூட்டத்தைக் கெடுத்துவிட்டாயே என்று நான் குதித்தேன். கோதண்டம் அமைதியாகச் சொன்னார்: "சோறு நம்மளுது மொதலாளி. பேரு அவருது."

அப்பேர்ப்பட்டவரின் பெயரை வைத்து நாங்கள் என்ன செய்தோம்? வரும் ஞாயிற்றுக்கிழமை 'கோதண்டம் நினைவு உணவுத் திருவிழா'. ஒரு பிரியாணி வாங்கினால் இன்னொன்று இலவசம். யோசனை என் மகன் பிரசன்னாவுடையது. பிள்ளை மேல் பழி போட்டுத் தப்பிக்க மாட்டேன். அவன் காட்டிய மாதிரிப் படத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது, பேனர் அடி என்றவன் நான். துக்கத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று இந்த மண்டப வாசலில் கட்டச் சொன்னவனும் நான்.

சகோதரி சரசா ஆட்டோவை விட்டு இறங்கி அதைப் பார்த்தார்கள். கை கூப்பி நின்ற என்னிடம், "இன்னாண்ணே, அவரு பேர வுட உங்க போன் நம்பரு பெருசா கீதே" என்றார்கள். அவ்வளவுதான். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்னும் காரியம்கூட முடியாத வீடு. அந்த வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை கேட்டோமா? யார் யாரோ வீட்டு வாசலில் எங்கள் கடைக்காகப் போய் நின்ற மனிதருடைய வாசலுக்கு எங்களுக்கு வழி தெரியாமல் போய்விட்டதா? வெட்கமாக இருக்கிறது. மைக்கைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது.

சரசாம்மா, கேட்டிருக்க வேண்டியதை இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். திருவிழா கிடையாது, அதை விடுங்கள். மாதக் கடைசி விருந்துக்காவது அவர் பெயரை வைக்கலாமா?

தலையை ஆட்டுகிறீர்கள். வேண்டாம் என்கிறீர்கள். சரிம்மா. வைக்க மாட்டோம்.

பெயர் இல்லாமலே அந்த விருந்து நடக்கும். இந்த மாதம் ஓய்வு பெறுகிறவர்களின் வீடுகளுக்கு ஆளை அனுப்ப மாட்டேன், நானே போவேன். அவர்கள் சரி என்றால் பலகை, வேண்டாம் என்றால் சாப்பாடு மட்டும். அவர் செய்த வேலையை அவர் செய்த மாதிரியே செய்வோம் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. கடை திறந்த நாளிலிருந்து வாருங்கள், வாருங்கள் என்றே உங்களைக் கூவி அழைத்தவன் நான். இன்றைக்குக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வராதீர்கள். கடை மூடியிருக்கும்.