மடத்துக் கதவுகள்

கிருஷ்ணகிரியில் ஏறிய அக்காவும் தங்கையும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள். தங்கை ஸ்பெயின் தேசத்துக் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்பது சூளகிரி வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. பெங்களூரில் சிஸ்டர்களிடம் ஒப்படைப்பு, பம்பாயில் கப்பல்.

ஓசூர் தாண்டியதும் தங்கை, ஊரில் ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்த ஸ்பானிஷ் பாடத்தை ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"ஒரு கதவுன்னா புவெர்த்தா. நெறைய கதவுன்னா புவெர்த்தாஸ்."

"எத்தனை கதவுடி இருக்கும் அங்க?"

"தெரியலக்கா. ஒரு செவுருன்னா பரெத். நெறைய செவுருன்னா பரெதேஸ். இதுக்கு வெறும் 'ஸ்' பத்தாது, 'எஸ்' போடணும்."

"கதவும் செவுருமாவே சொல்லிக் குடுத்திருக்காங்களே. ஆளுங்களே இல்லியா?"

"இருக்காங்க. ஒரு சிஸ்டர்னா எர்மானா. நெறைய பேருன்னா எர்மானாஸ்."

அத்திப்பள்ளியில் பஸ் நின்றது. மைசூர் எல்லைக்குள் வந்தாகிவிட்டது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, குரலை இறக்கிக் கேட்டாள்.

"நான் ஊட்டுக்குப் போகணும், கதவத் தொறங்கன்னு அவங்க பாஷையில எப்பிடிடி சொல்றது?"

"அதத்தான் மொத நாளே கேட்டேன்க்கா. சிஸ்டர் சிரிச்சாங்க. சிரிச்சிட்டு அடுத்த வார்த்தைக்குப் போயிட்டாங்க."